அலமாரிப் பட்டறை

கதவு தட்டப்பட்டபோது டிராயிங்காரர் ஒரு பித்தளைத் துண்டின் முகப்பைச் சீவிக்கொண்டிருந்தார். மாலை ஆறே முக்கால். அந்த நேரத்தில் அவர் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. மனைவி வேலை முடிந்து வர ஒன்பது மணியாகும். கையை நீட்டி லேத்தை, அந்தச் சின்னக் கடைசல் இயந்திரத்தை, அணைத்துவிட்டு, சுழன்றுகொண்டிருந்தது ஓய்ந்து நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுபடி தட்டினார்கள். படுக்கையறைச் சுவர் அலமாரியின் இரண்டு கதவுகளையும் சாத்தி, கையைப் பனியனில் துடைத்து, அதன்மேல் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு போய்த் திறந்தார். கீழ் வீட்டு டெலிபோன் அம்மாவின் மகன் நின்றிருந்தான். நாற்பது வயது, கையில் அலுவலகப் பை, நெற்றியில் வியர்வை. அம்மா வீட்டுக்குள் போகாமல் நேராக இங்கே ஏறி வந்திருக்கிறான் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. சாயங்காலத்துல உங்க வீட்ல ஏதாவது மெஷின் ஓடுதா?"

டிராயிங்காரர் எண்ணெய்க் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "மெஷினா? இல்லையே. துணி துவைக்கிறதுதான். அதுவும் காலைலதான் போடுவோம்."

வாய் கூசாமல் வந்துவிட்டது. யோசித்துச் சொன்ன பொய்யாக இருந்திருந்தால் நாக்கு கொஞ்சமாவது தடுக்கியிருக்கும். அந்த மகன் தலையை ஆட்டினான். நானும் அதைத்தான் நினைத்தேன், அம்மாவுக்குத் தினமும் சாயங்காலம் சுவருக்குள்ளிருந்து சத்தம் கேட்கிறதாம், மூன்று மாதமாகப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள், கேட்டுவிடலாமே என்று வந்தேன் என்றான். அவன் முகத்தில் நிம்மதி வரும் என்று டிராயிங்காரர் எதிர்பார்த்தார். வரவில்லை. பிள்ளை தோற்றுவிட்டான் என்பதை உறுதி செய்துகொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் தகப்பனைப் போல அவன் படியிறங்கிப் போனான். கதவைச் சாத்திய பிறகுதான் டிராயிங்காரர் கவனித்தார், மாட்டிய சட்டையில் பொத்தான்கள் ஒன்று தள்ளி ஒன்றாக மாறிப் போயிருந்தன.

அந்தக் குடியிருப்பில் அவருக்கு டிராயிங்காரர் என்றுதான் பெயர். குடிநீர் வாரியத்தில் வரைபடப் பிரிவில் இருபத்திரண்டு வருடம். ஊருக்கு அடியில் எந்தக் குழாய் எங்கே வளைகிறது, எந்த வால்வு எந்தத் தெருமுனையில் புதைந்து கிடக்கிறது என்பதையெல்லாம் கோடுகளாக இழுப்பது வேலை. தான் வரைந்த ஒரு பொருளைக்கூட அவர் கையால் தொட்டதில்லை. குழாயை வேறு யாரோ செய்கிறார்கள், வேறு யாரோ புதைக்கிறார்கள், பிறகு மண்ணைப் போட்டு மூடிவிடுகிறார்கள். இரும்பைத் தன் கையாலேயே கடைந்து, உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும்படி ஏதாவது ஒன்று செய்ய வேண்டும் என்ற ஆசை அவருக்கு நாற்பத்தைந்து வயதுக்குமேல் பிடித்தது. சிலருக்கு அந்த வயதில் ஓட்டப்பயிற்சி பிடிக்கிறது, சிலருக்குப் பக்தி பிடிக்கிறது. அவருக்கு லேத் பிடித்தது.

இணையத்தில் இவரைப் போன்றவர்களின் குழு ஒன்று இருந்தது. நாடு நாடாக ஆட்கள். வேலையாக இல்லாமல், வீட்டிலேயே உலோகம் கடைகிறவர்கள். ஒருவரையொருவர் பார்த்ததில்லை, ஆனால் ஒருவர் வீட்டின் மூலைமுடுக்கு மற்றவருக்கு மனப்பாடம். ஏதோ ஒரு பெரிய தேசத்தின் நடுவில், அக்கம்பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் யாருமில்லாத நிலத்தில் ஒருவர் இருந்தார். அவரைப் பண்ணைக்காரர் என்பார்கள். தானியக் கொட்டகை முழுவதும் அவர் பட்டறை. ஆனைக்குட்டி கணக்காக ஆறு லேத்துகள். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஸ்பானர் எடுக்கச் சைக்கிளில் போவார். இடம் இருக்கிறதே என்று மெஷின்களை வாங்கிச் சேர்த்துக்கொண்டே இருந்தாரே தவிர, பத்து வருடத்தில் அவர் செய்து முடித்த சாமான் ஒன்றைக்கூட யாரும் பார்த்ததில்லை. பனிநாட்டுக்காரர் ஒருவருக்கு வீட்டுக்கு அடியில் நிலவறை. லேத்தைத் துண்டு துண்டாகக் கழற்றிக் குறுகிய படியில் இறக்கி உள்ளே பூட்டியிருந்தார். அது இனி வெளியே வராது, நான் செத்தால் வீட்டோடு சேர்த்துத்தான் விற்க வேண்டும் என்பார். நெருக்கமான தீவு நகரம் ஒன்றில், அடுப்படியும் படுக்கையும் ஒரே அறையாக வாழ்கிறவர் ஒருவர். மேசை இழுப்பறையை இழுத்தால் அதற்குள் லேத். இழுப்பறையைத் தள்ளினால் பட்டறை மூடல். அவர் செய்கிற திருகாணிகளை நகக்கண்ணில் வைத்துப் படம் எடுத்துப் போடுவார். வீடு எவ்வளவோ அவ்வளவுதான் ஆசையும் என்று அந்தக் குழுவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

டிராயிங்காரருக்கு இருந்தது மூன்றாம் மாடியில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை. மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். மத்தியானம் போனால் இரவுதான் வருவாள். அவளிடம் ஆறு மாதம் பேசிப் பேசி, படுக்கையறைச் சுவர் அலமாரியை வாங்கினார். நான்கடி அகலம், இரண்டடி ஆழம். அவளுடைய துணிமணி பெட்டிகளுக்குப் போய், பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போயின. ஒரு உடுப்பு எடுக்க வேண்டுமானால் அவள் மண்டியிட்டுக் குனிந்து பெட்டியை இழுக்க வேண்டும். ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை, ஆனால் எழுந்திருக்கும்போது முழங்காலைத் தட்டிவிட்டுக்கொள்வாள். அந்தத் தட்டல் அவருக்குக் கேட்கும். அலமாரிக்குள் கனமான பலகை, பலகையில் நாற்பது கிலோ லேத், கதவின் உள்பக்கம் ஆணியடித்துக் கருவிகள், மேலே ஒரு விளக்கு. கதவைச் சாத்திவிட்டால் விருந்தாளிக்கு அது துணி அலமாரிதான். சாத்தியே ஆகவேண்டிய காரணமும் இருந்தது. வீடுகளில் இயந்திரம் வைக்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தில் விதி. முதல் மாடியில் வெல்டிங் மெஷின் வைத்திருந்த ஒருவரைக் கூட்டத்தில் நிற்க வைத்து மானத்தை வாங்கியதை அவர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

அலமாரிப் பட்டறையைப் படம் பிடித்து அவர் குழுவில் போட்ட அன்று உலகமே திரும்பிப் பார்த்தது போல இருந்தது. பண்ணைக்காரர் பொறாமைப்பட்டார். தீவுக்காரர், நீ பணக்காரன், உனக்குக் கதவு இரண்டு இருக்கிறது என்று எழுதினார். பனிநாட்டுக்காரர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: உனக்குக் கீழே யார் இருக்கிறார்கள், அவர்களிடம் சொல்லிவிட்டாயா? டிராயிங்காரர் பதில் எழுதவில்லை. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்பினார். இப்போது நினைத்துப் பார்க்கையில் அதுதான் முதல் பொய்.

கீழே இருந்தது டெலிபோன் அம்மா. எழுபது தாண்டியவள். கணவர் போய் வெகுகாலம். தொலைபேசி நிலையத்தில் முப்பத்து நான்கு வருடம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். மூச்சு விடுவதை வைத்தே எந்த ஊர்க்காரர் கூப்பிடுகிறார் என்று சொல்லிவிடுவேன் என்று லிஃப்டில் வேடிக்கையாகச் சொல்வாள். அவள் காது அப்படிப்பட்ட காது. அது டிராயிங்காரருக்கு நன்றாகத் தெரியும்.

மகன் வந்து போன மறுநாள் அவர் அலமாரிப் பலகைக்கு அடியில் தடித்த ரப்பர் வைத்தார். வேகத்தைக் குறைத்தார். அதற்கு மறுநாள் சாயங்காலம் ஜன்னலிலிருந்து பார்த்தபோது அந்த மகனின் சாம்பல் நிறக் கார் வாசலில் நின்றது. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவன் வாரநாளில் வந்திருக்கிறான் என்றால் எதற்கு என்று அவருக்குப் புரிந்தது. அன்று லேத்தைத் தொடவில்லை. அடுத்த நாளும் கார் நின்றது, தொடவில்லை. மூன்றாம் நாளும் அப்படியே. மூன்று சாயங்காலமும் அவர் கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவர் காலுக்குக் கீழே பத்தடியில் ஒரு தாயும் மகனும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான்காம் நாள் கார் வரவில்லை. அன்று அவர் ஒன்றரை மணிநேரம் கடைந்தார். அலுப்பாக இருந்தது, அதனால்தான் மூன்று நாள் ஓட்டவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதை அவரே நம்பவில்லை என்பதால், மறுபடியும் ஒருமுறை சொல்லிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் மனைவி வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றாமலேயே நாற்காலியில் உட்கார்ந்தாள். டெலிபோன் அம்மாவை மகன் இவளுடைய பரிசோதனை நிலையத்துக்கே கூட்டி வந்திருக்கிறான். ஞாபகக் கோளாறு என்று முடிவு செய்வதற்கு முன்னால் எடுக்கிற பரிசோதனைகள் அத்தனையையும் டாக்டர் வரிசையாக எழுதியிருந்தாராம். ஆறு குப்பி ரத்தம். கை நரம்பு கிடைக்காமல் இரண்டு இடத்தில் குத்த வேண்டியிருந்ததாம். ஊசி ஏறும்போது அந்த அம்மாள் முகத்தைத் திருப்பாமல் இவளையே பார்த்து, உங்க வீட்டுக்காரர் சாயங்காலம் வீட்டில் என்னம்மா பண்ணுவார் என்று கேட்டிருக்கிறாள்.

"நீ என்ன சொன்ன?"

"டிவி பாப்பாருன்னு சொன்னேன்." செருப்பின் வாரைக் குனிந்து அவிழ்த்தாள். "கையில ஊசிய வெச்சுக்கிட்டு அவங்க மூஞ்சப் பாத்து சொன்னேன். நீங்க அவங்ககிட்ட சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் இத்தனை நாளா."

 அவள் எழுந்து போனாள். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

அன்றோடு அவர் லேத்தை நிறுத்தினார். ஒரு வாரத்துக்கு இல்லை, அடியோடு. செய்துகொண்டிருந்த பல்சக்கரம் பாதியில் நின்றது. பாதிக்குப் பாதி முடிந்திருந்த சின்ன நீராவி எஞ்சின் ஒரு துணிக்குள் சுருட்டி வைக்கப்பட்டது. கையெல்லாம் துருதுருத்தது. தண்டனை அனுபவிப்பது போல இருந்தது, அதில் ஒரு திருப்தியும் இருந்தது. சொல்லத் தைரியமில்லாவிட்டாலும் தப்பை நிறுத்திவிட்டோமே, இனி அந்த அம்மாளுக்குச் சத்தம் கேட்காது, கேட்காவிட்டால் எல்லாம் தானாக அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டார். குழுவில் ஏன் காணோம் என்று கேட்டவர்களுக்கு மணிக்கட்டில் வலி என்று எழுதினார். தீவுக்காரர் ஒரு கட்டு போடும் முறையைப் படம் வரைந்து அனுப்பினார். அதையும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

ஆறு வாரம் போனது. ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது இரண்டாம் மாடிப் படியில் டெலிபோன் அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மெலிந்திருந்தாள். பேச்சு முன்போல வெடுக்கென்று வரவில்லை. ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து வைத்தாள்.

"இப்ப சத்தம் கேக்கறதில்ல தம்பி. மாத்திரை நல்லா வேலை செய்யுது."

அவருக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்தபோது அவரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அவர் நிறுத்திய வாரமும் மாத்திரை ஆரம்பித்த வாரமும் ஒன்றே. அதே படியில் பின்னாலேயே ஏறி வந்த மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி வேறு சொன்னான். அன்றைக்கு நீங்கள் தெளிவாகச் சொன்னதால்தான் டாக்டரிடம் போனோம் சார், இல்லாவிட்டால் நானும் சுவரைத்தான் தட்டிக்கொண்டிருந்திருப்பேன் என்றான். மாத்திரைக்குச் சத்தம் நின்றுவிட்டதால் வியாதி இன்னதென்று உறுதியாகிவிட்டதாம். இனி தனியாக விட்டுவைக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அடுப்பின் திருகுகளைக்கூட எதற்கும் இருக்கட்டும் என்று கழற்றிக்கொண்டு போய்விட்டேன் என்றான். வெந்நீர் வேண்டுமானால் அந்த அம்மாள் இப்போது எதிர்வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். வருகிற சனிக்கிழமை முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். நல்ல இடம், தோட்டம் எல்லாம் இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னான். தாயார் அதைக் கேட்டுக்கொண்டு, வேறு யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்பது போலக் கைப்பிடியில் படிந்த தூசியை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அன்று அலுவலகத்தில் ஒரு கோடும் நேராக வரவில்லை. ஓட்டினால் அந்த அம்மாளுக்கு வியாதி முற்றிவிட்டது என்பார்கள். ஓட்டாவிட்டால் மாத்திரை கேட்கிறது என்பார்கள். இரண்டு பக்கமும் தானே கதவை அடைத்து வைத்திருப்பது தெரிந்தது. சொல்லிவிடலாம் என்று பத்துத் தடவை எழுந்தார். சங்கக் கூட்டம், பின்வரிசைப் பார்வைகள், லேத்தைத் தூக்கிக்கொண்டு போகும் ஆட்கள் எல்லாம் கண்முன் வந்ததும் பத்துத் தடவையும் உட்கார்ந்தார். ஒரு அம்மாளின் புத்தியையே விலையாகக் கொடுத்து ஒரு அலமாரியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போது தோன்றியது. தோன்றிய பிறகும் நாலு நாள் வாய் திறக்கவில்லை. அதுதான் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய உண்மை.

வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க நிறுத்தினதுதான் அவங்களுக்கு வியாதியா ஆயிடுச்சு. நாளைக்கு வண்டி வர்றதுக்குள்ள நீங்க சொல்லலன்னா நான் போய் சொல்லிடுவேன். நானும் ஒரு பொய் சொல்லியிருக்கேன், எனக்கும் அதுல பங்கு இருக்கு." அவளே சொல்லிவிட்டால் தேவலையே என்று ஒரு கணம் அவர் மனசு குளிர்ந்தது. குளிர்ந்ததை உணர்ந்ததும் தட்டைத் தள்ளிவைத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குக் கீழே இறங்கிப் போனார். கதவு திறந்தே இருந்தது. மகன் வண்டி பிடிக்கப் போயிருந்தான். வீடு முழுவதும் அட்டைப்பெட்டிகள். அவர் வீட்டின் அச்சு அசல் அதே வீடு. கூடம், படுக்கையறை, அதே சுவர், அதே நான்கடி அலமாரி. ஆனால் படுக்கையறையில் கட்டில் இல்லை. அதைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். தரையில் நான்கு கால்களின் தடங்களும் அலமாரியை ஒட்டி வெளுத்துத் தெரிந்தன. லேத் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே, அந்த அம்மாள் தலை வைத்துப் படுத்த இடம்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த டெலிபோன் அம்மாவிடம், கயிறு கட்டித் தருகிறேன் என்று சொல்லி ஒரு பெட்டியின் அருகே உட்கார்ந்தார்.  பக்கத்தில் பழைய காகிதங்கள் கட்டாகக் கிடந்தன, எடைக்குப் போடுவதற்கு. மேலே ஒரு கோடு போட்ட நோட்டு. சும்மா கை போனது. தொலைபேசி நிலையத்தில் அழைப்புகளைப் பதிவு செய்யும் பழக்கத்தில் கட்டம் கட்டி எழுதியிருந்தாள். தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம், குறிப்பு. '6.10. தட்டு, நாலு நாலாக. பிறகு இழைப்பு. 47 நிமிடம்.' அவருக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. சதுரக் கம்பியை உருண்டையாகக் கடைந்த நாள். மூலைகள் உளியில் மோதும்போது தட்டும். மூலைகள் போய் உருண்டையானதும் சத்தம் வழுக்கிக்கொண்டு ஓடும். பக்கங்களைப் புரட்டினார். எஞ்சினின் ஒவ்வொரு உறுப்பும் அதில் இருந்தது. நாலு கண்டத்துக்குப் படம் போட்டும் இவ்வளவு கவனமாக அவர் வேலையைப் பின்தொடர்ந்தவர்கள் இல்லை. ஒரு நாள் குறிப்பில்: 'நடுவில் அறுந்து நின்றது. ஏதோ கெட்டுவிட்டது போலும். பாவம்.' பெல்ட் அறுந்த நாள் அது. அந்த 'பாவம்' என்ற சொல்லை அவரால் தாண்ட முடியவில்லை. கடைசிப் பக்கங்களில் ஓரிடத்தில்: '6.45 நின்றது. மேல் வீட்டுக் கதவு திறந்தது. மகன் குரல்.'

"அது குப்பைக்குத்தான்," என்றாள் டெலிபோன் அம்மா.

"அம்மா, அந்தச் சத்தம் நான்தான்."

 அவர் ஆரம்பத்திலிருந்து சொன்னார். அலமாரி, லேத், மகன் வந்து கேட்டது, பொய், கார் நின்ற மூன்று நாள், பிறகு நிறுத்தியது. எதையும் விடவில்லை. விட்டால் பிறகு சொல்ல மாட்டோம் என்று அவருக்கே தெரிந்திருந்தது. சொல்லி முடித்தபோது கையிலிருந்த கயிறு முழுவதும் சிக்கலாகியிருந்தது.

"தெரியும் தம்பி," என்றாள் அவள். "அன்னிக்கே தெரியும். நின்னதும் கதவு தொறந்ததும் ஒண்ணா இருந்துச்சே. அவன்கிட்ட சொன்னேன். மேல் வீட்டுக்காரர் இல்லைன்னு சொல்லிட்டாரும்மா, அவர் எதுக்கு பொய் சொல்லப் போறாருன்னான். நீங்க மரியாதையான மனுஷன். நான் வயசானவ." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அப்பகூட எனக்கு பயமில்ல. மாத்திரை போட்டதும் நின்னுச்சு பாருங்க, அப்பதான் எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு. ஒவ்வொரு நாளும் காலைல எந்திரிச்சு, இது எந்த வீடுன்னு எனக்கு நானே சரிபாத்துக்குவேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது; அந்த நோட்டுக்கு முன்னால் அது மிகவும் சின்னதாக இருந்ததால் வெளியே வரவில்லை. மகன் வந்ததும் நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், டாக்டரிடமும் வந்து சொல்கிறேன் என்றார்.

"சொல்லுங்க. ஆனா அப்புறமா சொல்லுங்க." நோட்டைக் கை நீட்டி வாங்கி, புதுப் பக்கத்தைப் புரட்டி, மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். "இப்ப நீங்க சொன்னா, கிழவிக்கு இரக்கப்பட்டு சொல்றாருன்னு நெனப்பான். நீங்க இல்லைன்னதயும் நம்பினான், இனி ஆமாங்கறதயும் நம்பணுமா? அவனே கேக்கணும். இந்த ரூம்ல உக்காந்து, அவன் காதால. அவன் வண்டியோட வந்துடுவான், அஞ்சு மணிக்கு ஓட்டுங்க. நாலு நாலா தட்டுமே, அத ஓட்டுங்க."

ஆறு வாரம் மூடிக் கிடந்த அலமாரியைத் திறந்தபோது எண்ணெய் வாசனையோடு துரு வாசனையும் வந்தது. லேத்தின் தண்டவாளம் போன்ற அடிச்சட்டத்தில் செம்மண் தூவியது போல மெல்லிய படலம். மனைவி அன்று விடுப்பு. கட்டிலில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.  பலகைக்கு அடியில் வைத்திருந்த ரப்பரை அவர் நெம்பி உருவி எடுத்தபோது மட்டும் எழுந்து வந்து மறுமுனையைத் தூக்கிப் பிடித்தாள். சதுர இரும்புக் கம்பி ஒன்றைத் தேடி எடுத்துப் பூட்டினார். ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கீழே வண்டி வந்து நிற்கும் சத்தமும், படியில் மகனின் காலடியும், கதவு சாத்தப்படுவதும் கேட்டன. இவ்வளவு தெளிவாக இந்த வீட்டில் கீழ்வீட்டுச் சத்தம் கேட்கும் என்பதே அவருக்கு இத்தனை வருடம் தெரியாது.

ஐந்து மணிக்கு விசையைத் தட்டினார். மோட்டார் முனகிப் பிடித்தது. உளியைக் கம்பியின் மூலைக்குக் கொண்டுபோனதும் ஆரம்பித்தது. டக் டக் டக் டக். அலமாரி அதிர்ந்தது, கதவில் தொங்கிய ஸ்பானர்கள் ஒன்றோடொன்று உரசின, உள்ளங்காலில் தரை துடிப்பது தெரிந்தது. இதையா மெல்லிய சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்? ஒரு வெட்டு, இரண்டு, மூன்று. மூலைகள் கரைந்தன. தட்டல் மெலிந்து மெலிந்து, இழைப்பாகி, கடைசியில் ஒரே நீளமான சீறலாக ஓடியது. சுருள் சுருளாக இரும்பு வந்து அவர் மணிக்கட்டின் மேல் சூடாக விழுந்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

இருபது நிமிடம் ஆயிற்று. கீழேயிருந்து எந்தக் குரலும் வரவில்லை. யாரும் படியேறி வரவும் இல்லை. கேட்டானா, கேட்கவில்லையா என்று தெரியாமல் அவர் தவித்தார். உளியைப் பின்னால் இழுத்துவிட்டு, லேத்தை அணைக்காமல் ஜன்னலுக்குப் போனார். மனைவியும் பின்னால் வந்து நின்றாள்.

தெருவில் வண்டி பாதிச் சாமானோடு நின்றிருந்தது. ஏற்றுவதற்காகக் கொண்டுவந்து வைத்த நாற்காலி ஒன்று நடைபாதை ஓரத்தில் கிடந்தது. அதில் அந்த மகன் உட்கார்ந்திருந்தான். முழங்கையை முழங்காலில் ஊன்றி, அந்த நோட்டை மூக்குக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டி வாசித்துக்கொண்டிருந்தான். வண்டிக்காரன் கயிற்றின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, கட்டட்டுமா வேண்டாமா என்பது போல அவனையே பார்த்தபடி நின்றான். மகன் ஒரு பக்கத்தைப் புரட்டினான். பிறகு இன்னொன்று. போகிற வருகிறவர்கள் நாற்காலியைச் சுற்றி விலகி நடந்தார்கள். அறைக்குள் லேத் உளி படாமல் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.